பிணியாளர் கூற்று

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

திங்கள்தோறும் கூடிப் பாட்டரங்கமும் நூலாய்வும் நடத்தும் ஒரு வட்டம், இடையீடின்றிப் பத்தாண்டு நிலைபெறுவது எளிய செயல் அன்று. மழைக்காலத்தில் நால்வர் மட்டுமே வந்த கூட்டங்களையும் நடத்திக் காட்டிய செயலாளர்க்கு முதற்கண் என் பாராட்டு. "இலக்கியம் வாழ்வுக்கு என்ன செய்யும்?" என்னும் பொருளில் பேசுமாறு அவர் என்னைப் பணித்தார். இவ்வினாவுக்கு வகுப்பறையில் நான் ஆண்டுதோறும் விடை கூறி வருகிறேன். இன்று வகுப்பறைக்கு வெளியே கிடைத்த விடையொன்றை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். சில ஆண்டுகளாக நம் நகரின் மருத்துவக் கல்லூரி ஒன்றில், மாணவர் பயிற்சிக்காக நோயாளியாக நடிக்கும் தன்னார்வலராக இருந்து வருகிறேன். அந்த அனுபவமே என் உரைப்பொருள்.

கூற்று மரபு

என் முனைவர் பட்ட ஆய்வு குறுந்தொகைக் கூற்றுகளைப் பற்றியது. அகப்பாடலில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவியும் தோழியும் தலைவனும் செவிலியும் பேசுவர். புலவர் அவர்களுள் ஒருவராக நின்று பேசுவார். கபிலர் தலைவியாக நின்று வருந்தினார். தோழியாக நின்று இடித்துரைத்தார். அகத்திணையில் எவர் பெயரையும் சுட்டி உரைத்தலாகாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. எங்கோ ஒருத்தி பட்ட துயரம், அவள் பெயர் நீங்கியதனால், எல்லார்க்கும் உரிய துயரமாகிறது.

ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இவ்விலக்கணம் ஒரு மருத்துவக் கல்லூரியின் பயிற்சி அறையில் உயிரோடு இயங்கும் என்று நான் எண்ணியதில்லை. அங்கும் உண்மையான ஒருவரின் நோய் பெயர் களையப்பட்டுப் பாத்திரமாகிறது. அப்பாத்திரத்தின் கூற்றை ஒருவர் ஏற்று நின்று பேசுகிறார். கேட்பவர் நாளைய மருத்துவர். இதனைப் 'பிணியாளர் கூற்று' என்று அழைக்க எனக்கு ஆசை.

தோற்றமும் வளர்ச்சியும்

இம்முறையின் தொடக்கம் 1963ஆம் ஆண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் கற்பித்த ஹோவர்ட் பாரோஸ் என்பவர் நலமுடைய பெண்ணொருவரைத் தேர்ந்தெடுத்து, நரம்பு நோயால் கால்கள் வலுவிழந்த ஒரு பெண்ணாக நடிக்கப் பயிற்றினார். மாணவர் ஒவ்வொருவரும் வந்து கேட்டனர், சோதித்தனர். யார் எதைக் கேட்டார், எப்படி நடந்துகொண்டார் என்பதை அப்பெண் பின்னர் எடுத்துரைத்தார். ஸ்டீபன் ஆபிரகாம்சன் என்னும் கல்வியாளருடன் சேர்ந்து பாரோஸ் இதனை 1964இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின; ஹாலிவுட் மருத்துவக் கல்லூரிக்குள் புகுந்துவிட்டது என்று கேலி எழுந்தது.

இந்த எண்ணம் தோன்றுவதற்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சி ஒன்றைப் பாரோஸ் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். முன்னர்த் தேர்வுகளுக்கு உண்மை நோயாளிகளையே அமர்த்துவர். ஒருவரையே தேர்வர் பலர் அடுத்தடுத்துச் சோதிப்பர். அப்படி அமர்த்தப்பட்ட நோயாளி ஒருவர், தம்மை முரட்டுத்தனமாகக் கையாண்ட ஒரு தேர்வரிடம் வேண்டுமென்றே நோய்க்குறிகளை மாற்றிக் காட்டிவிட்டாராம். பாயில் கிடந்தவர் பாடம் நடத்திவிட்டார்! நோயாளி வெறும் உடல் அல்லர், தம்மைச் சோதிப்பவரைத் தாமும் சோதித்துக்கொண்டிருப்பவர் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

1975இல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடன் பணிபுரிந்தோரும் ஒரு புதிய தேர்வு முறையை வெளியிட்டனர். மாணவர் மணியோசைக்கு ஏற்ப ஒவ்வொரு மேசையாக நகர்ந்து, ஒவ்வோரிடத்தும் ஒரு பணியைச் செய்து காட்டவேண்டும். அம்மேசைகள் பலவற்றில் இன்று உலகெங்கும் பாவனை நோயாளர் அமர்கின்றனர். நம் நாட்டில் இந்திய மருத்துவக் கழகம் 2018இல் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகிய மூன்றனுக்கும் தனிப் பாடப்பகுதி வெளியிட்டது. 2019இல் சேர்ந்த மாணவர் முதல் அது கட்டாயமாயிற்று. நோயாளியோடு பேசுதலும் பாடமே என்பதை இந்திய மருத்துவக் கல்வி அன்றுமுதல் எழுத்தில் ஏற்றது. கல்லூரிகளுக்குப் பேசும் நோயாளர் தேவைப்பட்டனர்.

பாத்திரக் குறிப்பு

என்னை முதலில் அழைத்தது நடிக்க அன்று, தமிழ் திருத்த. பாத்திரக் குறிப்புகளை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து வைத்திருந்தனர். அதில் ஒரு நோயாளி, "கடந்த இரண்டு வாரங்களாக உழைப்பின்போது எனக்கு மூச்சுத்திணறல் உண்டாகிறது" என்று தொடங்குகிறார். ஐந்தாம் வகுப்பு வரை படித்த, கட்டட வேலை செய்யும் பெண்ணின் வாக்காம் இது! இலக்கணப் பிழை ஏதுமில்லை, உயிர்தான் இல்லை. "நாலு படி ஏறினா மூச்சு வாங்குதும்மா. சாந்துச் சட்டிய இறக்கி வச்சிட்டு நின்னுடுறேன்" என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்த பேராசிரியை, "நீங்களே வந்து சொல்லுங்கள்" என்றார். அவ்வாறே மேடையேறினேன்.

பாத்திரக் குறிப்பு மூன்று அடுக்குகள் உடையது. கேளாமலே சொல்ல வேண்டுவது முதலடுக்கு. தக்கவாறு கேட்டால் மட்டும் சொல்ல வேண்டுவது இரண்டாமடுக்கு. சொல்லாமல் மனத்தில் சுமக்க வேண்டுவது மூன்றாமடுக்கு. கவிதைக்கும் இம்மூன்று அடுக்குகள் உண்டென்பதைக் கவிஞர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சான்றுக்கு ஒரு பாத்திரம். ஐம்பத்திரண்டு வயதுப் பெண், இட்லிக்கடை நடத்துபவர், பத்தாண்டாகச் 'சுகர்' உள்ளவர். அவர் தொடக்கவுரை: "ரெண்டு நாளா வாயுத் தொல்லை டாக்டரம்மா. ஒரே அசதியா இருக்கு." மாணவர், "நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்பார். "வலியெல்லாம் இல்லை" என்று நான் விடையிறுக்க வேண்டும். இது பொய்யன்று. அப்பெண்ணுக்கு 'வலி' என்பது அரிவாள்மனை வெட்டினால் வருவது, மகப்பேற்றில் வந்தது. நெஞ்சில் இருப்பதற்கு அவரிடம் வேறு சொல் உண்டு. "நெஞ்சுல என்னம்மா பண்ணுது? பாரமா இருக்கா? அமுக்குற மாதிரி இருக்கா?" என்று கேட்பவரிடம், "ஆமாந் தாயி, ஆட்டுக்கல்லைத் தூக்கி வச்சாப்புல இருக்கு" என்பார்.

இதயத்திற்குச் செல்லும் குருதி தடைப்படும்போது பலர் அதனை வலி என்று சொல்வதில்லை. பாரம், இறுக்கம், அமுக்கம் என்பர். பெண்களிடமும் நீரிழிவு உடையவரிடமும் அசதியாகவோ மூச்சிரைப்பாகவோ செரியாமையாகவோ அது தோன்றக்கூடும் என்பது மருத்துவ நூல்கள் கூறும் உண்மை. ஒரு சொல்லைக் கேட்டவர் அப்பெண்ணுக்கு இதயத் துடிப்புப் பதிவு எடுக்கச் சொல்வார். அச்சொல்லைக் கேளாதவர் செரிமான மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். 'வலி'க்கும் 'பார'த்துக்கும் இடையே ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது. சொல்லின் பொருள் நுட்பம் புலவர்க்கு மட்டுமே உரிய கவலை என்று இனியும் நாம் கூற இயலுமா?

குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு, இழுப்பு, உளைச்சல், மதமதப்பு என்று நோவுக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! 'சுருக்கென்று', 'விண்விண்ணென்று' என இரட்டைக்கிளவியும் குறிப்புமொழியும் எத்தனை! ஒவ்வொன்றும் ஒரு மருத்துவச் செய்தி. மறுபுறம், 'மயக்கம்' என்னும் ஒரே சொல் தலைசுற்றலையும் குறிக்கும். கண் இருண்டு வருவதையும் குறிக்கும். நினைவிழந்து வீழ்வதையும் குறிக்கும். மூன்றனுக்கும் காரணம் வேறு. செய்ய வேண்டுவதும் வேறு. எந்த மயக்கம் என்று கேட்கத் தெரிந்தவரே மருத்துவர்.

இனி, இவ்வுரையாடலில் நேரும் இடர்ப்பாடுகளை ஆராய்ந்தபோது, நன்னூல் எனக்குத் துணைநின்றது. பவணந்தி முனிவர் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். ஒரு மருத்துவரின் அறையில் இம்மூன்றும் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. ஒவ்வொன்றாக நோக்குவோம்.

இடக்கரடக்கல்

அவையில் கூறத்தகாததை மறைத்துக் கூறுதல் இடக்கரடக்கல். பெண் பிணியாளர் மொழியில் இதற்கு அளவில்லை. மாதவிலக்கைத் 'தூரம்' என்பர்; 'வீட்டுக்கு விலக்கு' என்பர்; 'தலைக்கு ஊத்திக்கிறது' என்பர். உடல் முழுதையும் 'மேலு' என்னும் ஒரு சொல்லில் அடக்கி, "மேலுக்கு முடியலை" என்று நிறுத்திக்கொள்வர்.

எனக்குத் தரப்பட்ட மற்றொரு பாத்திரம் ஐம்பத்தைந்து வயது விதவை. மாதவிலக்கு நின்று மூன்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் குருதி காண்கிறது. புற்றுநோயாக இருக்கக்கூடுமாதலால், காலந்தாழ்த்தாது ஆராய வேண்டிய அறிகுறி இது. ஆனால் அவர் சொல்வது, "இடுப்பு வலி, அசதி" என்பது மட்டுமே. பக்கத்தில் மகன் நிற்கிறான். மகனாக நடிப்பவரும் ஒரு தன்னார்வலரே.

இப்பாத்திரத்திடம் வந்த இருவரைக் குறிப்பிட வேண்டும். ஒருவர் நம் மாவட்டத்து இளைஞர். தமிழ் மடைதிறந்தாற்போல் வரும். "பீரியட்ஸ் எப்படிம்மா?" என்றார். "அதெல்லாம் நின்னு போச்சு தம்பி" என்றேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வினாவுக்குச் சென்றார். கேட்டதும் சரி, சொன்னதும் உண்மை, நோய் மட்டும் மறைந்தே இருந்தது.

மற்றவர் வடமாநிலத்து மாணவி. மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளின் இளநிலை இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு உரியது. அவ்வழி வருவோர் பலர்க்குத் தமிழ் புதிது. இப்பெண்ணுக்கு ஓர் ஐம்பது தமிழ்ச்சொல் தெரிந்திருக்கலாம். என் முகத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "அண்ணா, கொஞ்சம் வெளியே" என்றார். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு அமர்ந்தார். "அம்மா, வேற என்ன?" என்றார். பின்னர் ஒன்றும் பேசவில்லை. பேசுவதற்கு அவரிடம் சொல் இல்லை. அந்த அமைதி நீண்டது. பாத்திரக் குறிப்பின்படி அந்தப் பெண் வாய் திறக்க வேண்டிய இடம் அதுவே. "நின்னு போனது திரும்ப வருது கண்ணு. யாருக்கிட்டயும் சொல்லலை" என்றேன். 'திரும்ப' என்ற சொல் அவருக்கு விளங்கவில்லை. வெட்கப்படாமல் மூன்று முறை கேட்டுத் தெளிந்துகொண்டார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் இளிவரல் என்னும் மெய்ப்பாட்டுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். பிணி துன்பம் தருவது மட்டுமன்று, இழிவுணர்வும் தருவது என்று அவர் கண்டிருக்கிறார். நோயாளி நாணத்தால் மறைக்கிறார். அந்நாணத்தைக் கடக்கத் துணை செய்வது மருத்துவரின் பொறுமை. அமெரிக்காவில் 1984இல் பெக்மன், ஃபிராங்கல் என்னும் இருவர் 74 மருத்துவச் சந்திப்புகளை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டனர். நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கியபின் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் இடைமறித்தார். ஒரு நேரிசை வெண்பாவை நிதானமாகச் சொல்லி முடிக்க ஆகும் நேரம் ஏறத்தாழ அவ்வளவே. ஈற்றடி வருமுன் கைதட்டி அமர்த்தப்பட்ட கவிஞரின் மனநிலையை இந்த அவை நன்கறியும்!

குழூஉக்குறி

ஒரு தொழிற்குழுவார் தமக்குள் வழங்கும் மொழி குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றதை உரையாசிரியர் சான்று காட்டுவர். பொற்கொல்லர் குறிமொழி வாங்க வந்தவர்க்கு விளங்காதிருத்தல் அவர்தம் வணிகத்திற்கு நன்று. மருத்துவர் குறிமொழி நோயாளிக்கு விளங்காதிருத்தல் எவர்க்கும் நன்றன்று.

"டெஸ்ட் பாசிட்டிவா வந்திருக்கு" என்றார் ஒரு மாணவர். நான் ஏற்றிருந்த பாத்திரம் மகிழ்ச்சியோடு கையெடுத்துக் கும்பிட்டது. 'பாசிட்டிவ்' என்றால் நல்லது என்றல்லவா ஊர் அறிந்திருக்கிறது! 'நெகட்டிவ்' என்று கேட்டு அழுதவர்களும் உண்டென்று மருத்துவ நண்பர்கள் கூறுவர். "வலி எங்கயாவது ரேடியேட் ஆகுதா?" என்று கேட்ட மாணவியிடம், "ரேடியோவா?" என்று திருப்பிக் கேட்டேன், அறை சிரித்தது. சிரித்து முடித்தபின், "கைக்குப் பரவுதா? தாடைக்கு ஏறுதா?" என்று அவரே தமிழைக் கண்டுபிடித்தார்.

இங்கே தனித்தமிழ் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். நோயாளியின் மொழியில் சுகரும் பி.பி.யும் ஸ்கேனும் குடிபுகுந்துவிட்டன. அவை இன்று வேப்பமரத்தடியில் அமர்ந்திருக்கும் பாட்டியின் சொற்கள். "உங்களுக்கு நீரிழிவு உண்டா?" என்று கேட்டால், "அதெல்லாம் இல்லைங்க, சுகர்தான் இருக்கு" என்பார். பாடநூலிலும் ஆய்வேட்டிலும் நற்றமிழ்க் கலைச்சொல் ஓங்குக. அதற்காக உழைப்பவருள் நானும் ஒருத்தி. ஆனால் நோய்ப்படுக்கையின் அருகே, நோயாளி அறிந்த சொல்லே நற்றமிழ்.

மங்கலம்

மூன்றாவது மங்கலம். இறந்தாரைத் துஞ்சினார் என்றல் போல, மங்கலமில்லாததை மங்கலமாக்கிக் கூறும் வழக்கு. தமிழரின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்று இது. ஆயினும் மருத்துவமனையின் தாழ்வாரத்தில் இச்செல்வம் சில வேளை இடர் செய்கிறது.

விபத்துற்றுத் தீவிர சிகிச்சையில் இருந்த கணவர் இறந்துவிட்டார். மனைவி வெளியே காத்திருக்கிறார். அம்மனைவி நான். செய்தி சொல்ல வேண்டியவர் இறுதியாண்டு மாணவர். கண் கலங்கி நின்றார், நல்ல உள்ளம். "எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சு பார்த்துட்டோம்மா..." என்றார். மேலே சொல்ல நா எழவில்லை. என் பாத்திரக் குறிப்பில் இதற்கென ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. அதைச் சொன்னேன்: "அப்ப மதுரைக்குக் கொண்டு போகட்டுமா சார்? வண்டி பேசட்டுமா?"

அறை முழுதும் உறைந்தது. அம்மாணவர் தலைகுனிந்து நின்று, பின் நிமிர்ந்து, "இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரும்மா" என்றார். சொன்னபின் என்னோடு அமர்ந்தார். அவர் குரலில் அப்போதிருந்த பரிவே மங்கலம்.

துயரச் செய்தி சொல்லும் முறைக்கு ஆறு படிகளைப் பெய்ல், பக்மன் முதலியோர் 2000ஆம் ஆண்டு வகுத்து வெளியிட்டனர். புற்றுநோய் மருத்துவத்தில் பிறந்த அம்முறை பிற துறைகளிலும் கற்பிக்கப்படுகிறது. தனிமையான இடம் அமைத்தல், அவர் ஏற்கெனவே அறிந்தது என்ன என்று கேட்டல், எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்டல், பின்னரே செய்தி உரைத்தல், அவர் உணர்ச்சிக்கு இடந்தருதல், இனிச் செய்ய வேண்டுவதைக் கூறுதல் என்பன அவை. இறப்பை அறிவிக்கும்போது ஐயத்துக்கிடமின்றி 'இறந்தார்' என்ற சொல்லையே ஆள வேண்டும் என்றும் கற்பிக்கின்றனர். "தவறிட்டாங்க", "போயிட்டாங்க" என்பன ஊரார்க்குச் சொல்லும்போது பண்பு. கணவனுக்காகக் காத்திருப்பவளிடம் அவை கதவைப் பாதி திறந்து வைக்கின்றன. அப்பாதிக் கதவின் வழியே பொய்யான நம்பிக்கை நுழைந்து, அவளை வண்டிக்கும் கடனுக்கும் ஓட வைக்கிறது.

விகுதி சொல்லும் செய்தி

தமிழாசிரியை என்னும் முறையில் நான் கண்ட இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஒரே நாளில் எனக்கு இரு பாத்திரங்கள் தரப்பட்டன. முற்பகலில் சாயம் போன நூல் புடைவை, தோட்டக் கூலி. பிற்பகலில் கரை போட்ட பட்டு. ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். நோய் ஒன்றே; மாணவர் அணி வேறு. முற்பகலில் வந்தவருள் பெரும்பாலோர், "என்னம்மா பண்ணுது? எப்ப வந்துச்சு? நாக்கை நீட்டு" என்றனர். பிற்பகலில் வந்தவர்கள், "சொல்லுங்க மேடம், எப்போ ஆரம்பிச்சுது? நாக்கைக் கொஞ்சம் காட்டுங்க" என்றனர். எவரிடத்தும் தீய எண்ணம் இல்லை. புடைவை மாறியது, வினைமுற்றின் விகுதி மாறிவிட்டது.

'உங்கள்', 'நீங்கள்' என்னும் மரியாதைப் பன்மை தமிழ் நமக்குத் தந்த கொடை. அதை எவர்க்கு வழங்குகிறோம் என்பதில் நம் சமுதாயம் தன்னை வெளிப்படுத்திக்கொள்கிறது. பயிற்சி முடிவில் இரு அணியினரையும் ஒன்றாக அமர்த்தி, அவரவர் ஆண்ட வினைமுற்றுகளைக் கரும்பலகையில் இரு பத்தியாக எழுதினேன். விளக்கம் எதுவும் கூறவில்லை. இலக்கண வகுப்பில் அவ்வளவு ஆழ்ந்த அமைதியை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

வேடம் களைந்த பின்

மணி அடித்ததும் வேடம் களையப்படுகிறது. எழுந்து நின்று என் பெயரையும் தொழிலையும் உரக்கச் சொல்வேன், முகம் கழுவுவேன். ஒரு காலையில் ஆறு முறை கணவனை இழந்தவர்க்கு இது சடங்கன்று, தேவை. பின்னர் மாணவரிடம் பேசவேண்டும். அதற்கு ஒரு நெறி உண்டு. "நீ சரியில்லை" என்று தீர்ப்பு உரைத்தலாகாது. "நீங்கள் கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்" என்று பிணியாளர் உள்ளத்தில் நிகழ்ந்ததை மட்டுமே கூறவேண்டும். உண்மை நோயாளி இதை ஒருநாளும் சொல்லமாட்டார். மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு கும்பிட்டுப் போய்விடுவார். அவர் சொல்லாது சென்றதைச் சொல்வதற்கே நாம் அங்கு அமர்ந்திருக்கிறோம்.

இம்முறைமேல் எழும் தடைகளையும் கூறுதல் முறை. நடிப்பு பொய்யன்றோ எனின், தீமை பயவாத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் வகுத்த எல்லைக்குள் இது அடங்கும். நான் நடிப்பவள் என்பதை மாணவர் அறிவர். நடிப்பால் சோகையின் வெளிறலையோ வீங்கிய மண்ணீரலையோ காட்ட இயலாது. அதற்கு நோயாளியின் படுக்கையருகே செல்லத்தான் வேண்டும். ஆயினும் வாய் திறக்கப் பழகாத மாணவர் பதின்மர் ஒரே காலையில் ஓர் ஏழை நோயாளியைச் சூழ்ந்து நின்று பழகுவதினும், என்னிடம் தடுமாறிப் பழகிச் செல்வது மேல் அன்றோ?

மூன்றாவது தடை வலிமையானது. மாணவரும் நடிக்கத் தொடங்கிவிடுகிறார் என்பதே அது. "உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது" என்னும் தொடருக்கு மதிப்பெண் உண்டென்று அறிந்து, முகத்தைக்கூடப் பாராமல் அதை ஒப்பிப்பவர் உளர். தளை தட்டாத, உள்ளீடற்ற செய்யுள் போன்றது அது. அமெரிக்காவில் மருத்துவ உரிமம் பெறுவோர் பாவனை நோயாளர் பன்னிருவரைச் சந்திக்கும் தேர்வு 2004 முதல் நடைபெற்றது. பெருந்தொற்றால் 2020இல் நிறுத்தப்பட்டு, 2021இல் முற்றிலும் கைவிடப்பட்டது. கல்லூரிகளில் பயிற்சியோ தொடர்கிறது. மதிப்பெண்ணுக்காகக் காட்டும் பரிவு தேர்வோடு முடிந்துவிடும். ஒரு மனிதரின் முகம் மாறுவதைக் கண்டு கற்றுக்கொண்ட பரிவு உடன்வரும். ஆதலால் என் பங்குக்கு, மனப்பாடத் தொடரைச் சொல்பவரிடம் நான் முகம் மலர்வதில்லை. பாத்திரம் எதற்கு மலருமோ, அதற்கு மட்டுமே மலர்கிறேன்.

நிறைவாக

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை எண்ணி முடிகிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுபவர். நால்வகையுள் நோயுற்றவரை முதலில் வைத்தார் வள்ளுவர். இன்றைய மருத்துவமனையில் நோயாளி கடைசி இடத்தில் வரிசையில் நிற்கிறார். அவரை முதலிடத்திற்கு மீட்கும் பணியில், சொல்லறிந்தவர்க்கும் ஒரு பங்குண்டு.

வட்டத்தின் அன்பர்களே! உங்களுள் ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் இருக்கிறீர்கள்; நெசவாளர் இருக்கிறீர்கள்; பேருந்து நடத்துநராயிருந்து கவிஞரானவர் இருக்கிறீர்கள். மாந்தர் பேசுவதைக் கூர்ந்து கேட்டலே உங்கள் கலையின் முதல். அடுத்த பத்தாண்டுக்கு இரண்டு பணிகளை முன்மொழிகிறேன். ஒன்று, திங்களுக்கு ஒரு முற்பகல், நம்முள் ஒரு சிலரேனும் மருத்துவ மாணவர்முன் பிணியாளராக அமர்வோம். மற்றொன்று, நம் மாவட்டத்து மக்கள் நோவுக்கும் உடலுறுப்புக்கும் வழங்கும் சொற்களை ஊர் ஊராகத் தொகுத்து, ஒவ்வொரு சொல்லும் எந்த நோவைக் குறிக்கிறது என்று மருத்துவரோடு அமர்ந்து தெளிந்து, ஒரு சிறு சொற்றொகுதி அச்சிடுவோம். வெளிமாநிலத்திலிருந்து வரும் மாணவர் தம் வெள்ளை அங்கியின் பையில் அதை வைத்துக்கொள்ளட்டும். பாட்டிமார் மறைந்தால் அச்சொற்களும் மறையும், காலம் குறுகியது.

நம் முன்னோர் பெயர் தெரியாத தலைவியின் துயரத்தைத் தம் நாவில் ஏற்றுப் பேசினர். அதனால் இலக்கியம் பிறந்தது. பெயர் தெரியாத பிணியாளரின் துயரத்தை நாமும் நம் நாவில் ஏற்றுப் பேசுவோம். அதனால் ஒருவேளை ஓர் உயிர் பிழைக்கும். இலக்கியம் வாழ்வுக்கு என்ன செய்யும் என்று வினவிய செயலாளர்க்கு என் விடை இதுவே.